கறுப்பு ராஜா குளித்த கதை

காசு பளபளவென்று மின்னத் தொடங்கியதும் பாலீஷ் மாப்பிள்ளைக்குத் தன் கைகளை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை, அவன் மனைவி காப்பிக் கோப்பையோடு அறைக்குள் வரும்வரைக்கும்தான் நீடித்தது.

"என்னது கையில?"

"உங்கப்பா காசுதான். எப்படி இருந்தது, எப்படி ஆயிடுச்சு பாத்தியா!"

"எந்தக் காசு?"

"மேல் டிராயர்ல தனி டப்பாவுல இருந்துச்சே, அது. ஒரே அழுக்கு. ராஜாவுக்கு மூக்கு இருக்குன்னே இப்பதான் தெரியுது."

அவள் கோப்பையை மேஜையில் வைத்தாள். பக்கத்தில் நாற்காலி இருந்தும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கறுப்பு ராஜாவைத் தேய்ச்சீங்களா?"

பாலீஷுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அவள் அவனை 'நீங்க' என்று சொல்வது இரண்டு சமயங்களில்தான். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவளுக்குத் தாங்க முடியாத கோபம் வந்திருக்க வேண்டும். அறையில் விருந்தாளி யாரும் இல்லை.

பெரிய பெரிய கட்டடங்களின் தரையை இயந்திரம் வைத்துத் தேய்த்து, நடப்பவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே குனிந்து பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுவது அவன் தொழில். ஆஸ்பத்திரி வராந்தா, வங்கிக் கூடம், ஓட்டல் வாசல் என்று அவன் தேய்க்காத இடமில்லை. அதனால் வந்ததுதான் பாலீஷ் என்ற பெயர். மங்கலாக எதைக் கண்டாலும் அவன் கை துறுதுறுவென்றுதான் இருக்கும். அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றி வாங்கித் துடைத்துக் கொடுப்பான்.

அவனுடைய மாமனார் பல் டாக்டர். முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் வீடு. வருகிறவர்கள் பல்லையெல்லாம் வெள்ளையாக்கி அனுப்பிக்கொண்டிருந்த அந்த மனிதர், வீட்டுக்குள் ராஜா தலை பொறித்த, கறுத்துப்போன ஒரு வெள்ளிக் காசைத் தன் உயிராக வைத்திருந்தார். பழங்காசு சேர்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். மற்ற காசுகளை மாற்றுவார், கொடுப்பார், வாங்குவார். கறுப்பு ராஜாவை மட்டும் யாருக்கும் தர மாட்டார். நாணயச் சங்கத்து ஆட்கள் வீட்டில் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை டப்பாவோடு கொண்டுவந்து, மேஜை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் கைநீளத்துக்கு அப்பால் வைத்துத் திறப்பார். எல்லாரும் எட்டிப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்கள். சங்கத்திலிருக்கும் வக்கீல், "என்ன டாக்டர், குடுக்கலாமா?" என்று கேட்பார். "உலகத்தையே எழுதி வெச்சாலும் கிடையாது" என்று டாக்டர் டப்பாவை மூடுவார். கேட்பதில் வக்கீலுக்கும் அலுப்பில்லை, மறுப்பதில் டாக்டருக்கும் அலுப்பில்லை.

"தேய்க்கக் கூடாதுன்னு அவர் சொல்லவே இல்லையே!" என்றான் பாலீஷ்.

"காசு சேர்க்கறவங்க யாராவது அதைச் சொல்வாங்களா? மூச்சு விடுன்னு சொல்லித்தான் நீங்க மூச்சு விடறீங்களா? அந்தக் கறுப்புதாங்க அதோட மதிப்பே! முந்நூறு வருஷமா தானா படிஞ்ச கறுப்பு. தேய்ச்ச காசுன்னா அவங்களுக்குச் செத்த காசு. சின்ன வயசுல நான் அது மேல ஒரு விரல் வெச்சேன்னு அப்பா நாள் முழுக்க என்கூடப் பேசலை."

"விரல் வெச்சதுக்கா?"

"விரல் வெச்சதுக்குத்தான். எதை வெச்சுத் தேய்ச்சீங்க?"

"பேஸ்ட்."

"என்ன பேஸ்ட்?"

"உங்கப்பா கிளினிக்ல சாம்பிளுக்கு வெச்சிருந்ததுதான். ஈறுக்கு ரொம்ப நல்லதுன்னு போட்டிருந்துச்சு."

அவள் அழ ஆரம்பித்தாள். பாலீஷுக்கும் அழுகை வரும் போலத்தான் இருந்தது. அதற்குக் காரணம் காசு இல்லை.

தன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பல் பிடுங்க ஒரு டாக்டர் மருமகன் வருவான் என்று மாமனார் கனவு கண்டுகொண்டிருந்தார். மகள் தரை தேய்க்கிறவனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் அவனோடு நேரே பேசியது கிடையாது. அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். அவர் மகளைப் பார்த்து, "உன் வீட்டுக்காரருக்கு டீ வேணுமான்னு கேளு" என்பார். அப்படிப்பட்டவர் இந்த வாரம் பல் டாக்டர்கள் மாநாட்டுக்கு வெளியூர் கிளம்பும்போது, முதல்முறையாக அவன் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, டிராயர்ல ஈரம் உறிஞ்சற பொட்டலம் மாத்தணும். நீங்களே பாத்து மாத்திடுங்க" என்று சாவியை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். 'மாப்பிள்ளை' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறிச் சிரித்தார்கள்.

அந்த வார்த்தைக்குக் கைம்மாறாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் அவன் ராஜாவைக் குளிப்பாட்டியது. சங்கத்துக்காரர்கள் வெளியூரிலிருந்து ஒரு பெரிய நிபுணரை வேறு அழைத்து வரப் போகிறார்களாம். அவ்வளவு பெரிய மனுஷர் முன்னால் அழுக்குக் காசை வைத்தால் மாமாவுக்கு மரியாதையாக இருக்குமா?

"அப்பா நாளைக்குச் சாயங்காலம் வர்றார்," என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவர் பின்னாலேயே எல்லாரும் வந்துடுவாங்க."

"அழாதே. கறுப்புதானே வேணும்? கறுப்பாக்கிட்டாப் போச்சு."

பாலீஷ் ஷூ பாலீஷ் டப்பாவை எடுத்து வந்தான். ஒரு பூச்சு பூசி, ஊதி, துணியால் இரண்டு இழுப்பு இழுத்தான். மேட்டுப் பகுதியிலெல்லாம் பாலீஷ் துடைத்துக்கொண்டு போய்விட்டது. பள்ளங்களில் மட்டும் அழுத்தமாகத் தங்கிவிட்டது. ராஜாவுக்குக் கண்ணில் மையும், உதட்டுக்கு மேலே ஒரு முறுக்கு மீசையும் வந்திருந்தன.

"மீசை வெச்சுட்டீங்களே!"

"வேணும்னு வைக்கலை. வாசனை வேற போக மாட்டேங்குது."

அந்தச் சமயம் பார்த்து மாமியார் அறை வாசலில் வந்து நின்றார். அவர் அதிகம் பேசாதவர். பேப்பரில் வரும் குறுக்கெழுத்தை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாரென்றால், வீடு இடிந்தாலும் கடைசிக் கட்டத்தை நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"ஷூ துடைக்கறீங்களா மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை." காசு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மாமியார் அவனுடைய வெறுங்காலைப் பார்த்தார். சுற்றும் முற்றும் ஷூ எதுவும் இல்லாததையும் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மீசையை எடுக்க மறுபடியும் பேஸ்ட் போட வேண்டியதாயிற்று. ராஜா முன்னைக் காட்டிலும் அதிகமாக மின்னினார்.

அடுத்தது மெழுகுவத்தி. இது மனைவியின் யோசனை. அப்பாவின் கிளினிக்கிலிருந்து பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்து வந்து, அதில் காசைப் பிடித்து, சுடருக்கு மேலே காட்டினாள். நிஜமாகவே அற்புதமான கறுப்பு வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவள் அவனை மறுபடியும் 'நீ' என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

"பாத்தியா, நீ தேய்ச்சதை நான் சரிபண்ணிட்டேன்."

காசைக் குறட்டிலிருந்து விடுவித்ததும், குறடு பிடித்த இடங்கள் இரண்டும் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. அதை மறைக்க அவன் விரலால் லேசாகத் தடவினான். தடவிய இடமும் வெள்ளையானது. எல்லாம் வெறும் கரி. டப்பாவில் வைத்ததும் உள்ளே இருந்த வெல்வெட் துணி முழுக்கக் கறுப்பாகிவிட்டது, காசு வெளுத்துவிட்டது. அதுமட்டுமில்லை, புகை போய்ச் சுவரில் ஒரு கறுப்புத் திட்டு விழுந்திருந்தது. பாலீஷ் அதைச் சும்மா விடுவானா? ஈரத் துணியும் சோப்பும் போட்டுத் துடைத்தான். அந்த ஓரிடம் மட்டும் புதுச் சுவராகி, மற்ற சுவர் முழுவதும் எவ்வளவு பழசு என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு நின்றது.

"நிறுத்துங்க," என்றாள் மனைவி. "தயவுசெஞ்சு சுவத்தையாவது விடுங்க." மறுபடியும் 'நீங்க'.

மறுநாள் காலையில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் வக்கீல், வாய் நிறையச் சிரிப்போடு.

"டாக்டர் ஊர்ல இல்லைன்னு தெரியும் தம்பி. இந்தப் பக்கமா வந்தேன். அந்தக் காசைச் சும்மா ஒரே ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன். அவர் இருந்தா பக்கத்துல விடவே மாட்டேங்கறார்."

காசு பாலீஷின் சட்டைப் பையில் இருந்தது. கையை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டு, "அது இங்க இல்லைங்களே" என்றான்.

"இல்லையா?"

"இல்லைங்க."

"பின்னே எங்க?"

"ஒருத்தர்கிட்ட இருக்கு."

"யார்கிட்ட?"

இவ்வளவு கேள்வி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கமும் இல்லை. "அதைச் சொல்லக் கூடாதுங்க" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

வக்கீலின் சிரிப்பு மறைந்தது. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

"வித்துட்டாரா?"

"அய்யய்யோ, நான் அப்படிச் சொல்லலைங்க!"

"நீங்க எதுவும் சொல்லலை தம்பி. நானும் எதுவும் கேக்கலை." சொல்லிவிட்டு வக்கீல் படியிறங்கினார். கேட்டைத் தாண்டுவதற்குள் போன் அவர் காதுக்குப் போய்விட்டது.

டீ ஆறுவதற்குள் மாமனாரிடமிருந்து மகளுக்குப் போன் வந்தது. அவர் கத்திய கத்தலில் போனைக் காதில் வைக்கவே வேண்டியிருக்கவில்லை.

"நான் கறுப்பு ராஜாவை வித்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான் அந்த வக்கீல்! மாநாடும் வேணாம் ஒண்ணும் வேணாம், இப்பவே கிளம்பறேன். மத்தியானத்துக்கே எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். அத்தனை பேர் கண்ணு முன்னாடியும் காசை வெச்சுக் காட்டறேன். மாப்பிள்ளைகிட்ட சொல்லு, டப்பாவைத் தயாரா எடுத்து வைக்கச் சொல்லு!"

மனைவி போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். சாயங்காலம் வரைக்கும் இருந்த அவகாசத்தையும் அவன் பேசியே கெடுத்துவிட்டான்.

கடைசியாக அவனுக்கு வெள்ளிப் பட்டறைக்காரர் ஞாபகம் வந்தார். அவருடைய கடைத் தரையை அவன்தான் தேய்த்துக் கொடுத்திருந்தான். போன் போட்டான்.

"வெள்ளியைக் கறுப்பாக்கணுமா?" பட்டறைக்காரர் சிரித்தார். "எல்லாரும் வெளுக்க வைக்கத்தான் எங்கிட்ட வருவாங்க. ரொம்பச் சுலபம்ப்பா. முட்டையை வேக வெச்சு, உரிச்சு, சூட்டோட நசுக்கி ஒரு டப்பாவுல போடு. காசை அது மேல படாம ஓரமா வெச்சு இறுக்கி மூடிடு. முட்டையிலேர்ந்து வர்ற ஆவிக்கே வெள்ளி கறுத்துடும். பொறுமை வேணும், அவ்வளவுதான்."

எத்தனை முட்டை என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனுடைய தொழிலில் அளவு என்றால் அது 'இன்னும் கொஞ்சம்' என்பதுதான். பொறுமை வேணும் என்ற பகுதியும் அவன் காதில் சரியாக விழவில்லை. அடுப்படியில் ஒரு தட்டு நிறைய முட்டை இருந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அண்டாவில் போட்டு அடுப்பை மூட்டினான்.

கூடத்திலிருந்து மாமியார் குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "மாப்பிள்ளைக்குப் பசியா?"

"ஆமா அத்தை, கொஞ்சம் அதிகமாவே பசிக்குது."

உரித்த முட்டைகளை பிஸ்கெட் டப்பாவில் போட்டு, மத்தால் நசுக்கி, ஒரு சின்ன மூடிக்குள் ராஜாவை உட்கார வைத்து, டப்பாவை மூடினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் டப்பாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராக நின்றுகொண்டார்கள்.

சற்று நேரத்துக்கெல்லாம் அவனுக்குப் பொறுக்கவில்லை. மூடியைத் திறந்தான்.

"ஏய், தங்கமாயிடுச்சு!"

நிஜம்தான். ராஜா பொன்னிறமாக ஜொலித்தார். மூடினார்கள். மறுபடி திறந்தார்கள். ரோஜா நிறம்.

"கறுப்பு எங்கங்க?"

"வந்துக்கிட்டிருக்கும். அவசரப்படாதே" என்று அவசரமாக மூடினான். அடுத்த தடவை ராஜா ஊதாவாகியிருந்தார். அதற்கடுத்த தடவை திறந்தபோது அவர் மயில் கழுத்து நீலத்தில் தகதகவென்று இருந்தார். அத்தோடு நின்றுவிட்டார். அதற்குப் பிறகு எவ்வளவு ஊதிப் பார்த்தும், டப்பாவைக் குலுக்கிப் பார்த்தும், அவர் அந்த நீலத்தைவிட்டு அசைவதாகவே இல்லை.

வாசலில் கார் வந்து நின்றது. கதவுகள் சாத்தும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. மாமனார் குரல், வக்கீல் குரல், அதற்கப்புறம் நிதானமான ஒரு புதுக்குரல். நிபுணர் வந்துவிட்டார். கூடத்தில் நாற்காலிகள் இழுபட்டன.

"விக்கறதா? நானா?" மாமனார் முழங்கினார். "வக்கீல் சார், நீங்க கோர்ட்ல பேசற மாதிரி என் வீட்டுலயும் பேசாதீங்க! இதோ இப்ப வரும் பாருங்க. மாப்பிள்ளை! கறுப்பு ராஜாவைக் கொண்டு வாங்க!"

நாலு பேர் நடுவில் அவர் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் அவன் ஏங்கிக் கிடந்த அழைப்பு. அது இப்போதா வர வேண்டும்!

"நான்தான் தேய்ச்சேன்னு சொல்லிடறேன்," என்றாள் மனைவி மெதுவாக. "பொண்ணுதானே, திட்டிட்டு விட்டுடுவார்."

"வேணாம். விரல் வெச்சதுக்கே ஒரு நாள் பேசாதவர். இதுக்கு எத்தனை வருஷம் பேசாம இருப்பாரோ." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "எங்கூட அவர் பேசாம இருந்து எனக்குப் பழக்கம்தானே. நானே போய்ச் சொல்லிக்கறேன்."

"எங்கூட வாங்க, சேர்ந்து போவோம்."

"நீ வராதே."

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. இருவரும் அப்படியே நின்றுகொண்டிருந்தபோது, விருந்தாளிகளுக்குத் தண்ணீர் எடுக்க மாமியார் அடுப்படிக்குள் வந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? பாலீஷ் காசை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"அத்தை, பெரிய தப்பு நடந்து போச்சு. மாமா முகத்துல எப்படி முழிக்கறதுன்னே தெரியலை. இதை நான்தான்…"

மாமியார் காசை எடுத்தார். ராஜாவின் மூக்கு மேலேயே கட்டைவிரலை வைத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். மகள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து அவர் பிஸ்கெட் டப்பாவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எத்தனை முட்டை?"

"தட்டு முழுக்க, அத்தை."

"வீணாக்கிட்டீங்களே. ரெண்டு போதும்." அவர் டப்பாவை மூடினார். "மூடியைத் திறந்து திறந்து பாக்கவும் கூடாது. ஒரு நாள் பூரா விட்டுடணும். அப்பதான் அந்தப் பழைய கறுப்பு வரும்."

பாலீஷ் மனைவியைப் பார்த்தான். மனைவி அம்மாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படி அத்தை…"

கூடத்திலிருந்து டாக்டரின் குரல் வீட்டையே அதிர வைத்தது. "எவ்வளவு குடுத்தாலும் சரி, யார் வந்து கேட்டாலும் சரி, கறுப்பு ராஜா இந்த வாசப்படியைத் தாண்டவே மாட்டார்!"

மாமியார் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி முடித்து, காசைத் திரும்ப அவன் கையில் வைத்தார்.

"பயப்படாம அவர்கிட்டயே போய்க் காட்டுங்க மாப்பிள்ளை, கல்யாணமான புதுசுல உங்க மாமாவும் பேஸ்ட் போட்டுத்தான் தேய்ச்சார், விக்கவே மாட்டேன்னு சொல்ல ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்."